கபடியில் பிடியாட்டம்: ஒரு மதிப்பீடு

2022-ஆம் ஆண்டு அக்டோபரில் புரோ கபடி லீகின் ஒன்பதாம் பருவம் தொடங்கியபோது, அதுகாறும் எவருக்கும் கொடுக்கப்படாத 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் அணி ஏலத்தில் எடுத்திருந்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே, அதுவும் தாம் பாடிப் போன இடத்தில் அல்லாமல், பாடி வந்த எதிரணி வீரரைப் பிடிக்க முற்பட்ட இடத்தில், முழங்காலில் காயமுற்று, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாதவரானார். அணியின் கதை அத்தோடு முடிந்தது என்றே ரசிகர்களில் பெரும்பாலோர் எண்ணினர். ஆனால் அதுவரை ஒருமுறைகூட அரையிறுதியை எட்டாதிருந்த அந்த அணி, அதே பருவத்தில்தான் அந்த ஸ்தானத்தை அடைந்தது. நரேந்தர் போன்ற புதிய ரைடர்கள் புள்ளி சேர்த்துக் கொடுத்தது மெய்யே; எனினும், சாகர், சாஹில் குலியா, மோகித், நம் தமிழ்நாட்டு அபிஷேக் முதலான பிடியாட்டக்காரர்கள் மூலைகளையும் கவர் இடங்களையும் ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டிக் காத்திராவிட்டால், அந்தப் புள்ளிகள் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகவே போயிருக்கும்.

விலை ஒருவரிடத்திலும் பயன் வேறொருவரிடத்திலும் இருந்த இந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, தொழில்முறைக் கபடியில் பிடிப்பவரின் வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கிறது, அதில் போற்றத்தக்கது எது, திருத்தத்தக்கது எது என்று ஆராய்வது தகும். திருப்பூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கும் நியாயம் உண்டு. பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கோயில் நோன்பை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் நடைபெறும் மின்னொளிக் கபடிப் போட்டிகளில், பகலெல்லாம் பனியன் கம்பெனியில் நின்று உழைத்த இளைஞர்களே இரவில் களமிறங்குகிறார்கள். அவர்கள் அணியும் ஜெர்சியும் பெரும்பாலும் இந்த ஊரில் பின்னித் தைத்ததுதான்.

பிடியாட்டம் என்பது வெறும் தேக பலத்தின் காரியம் என்று நினைப்பவர்கள், ஒரு மூலைக்காரரை ஐந்து நிமிடம் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தால் தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்கள். பாடி வருபவருக்கு 30 விநாடி அவகாசம், எதிரே எழுவர். மூலைக்காரர் தம்மை அடுத்து நிற்பவரின் கையைக் கோத்துக்கொண்டு, இடுப்பைத் தாழ்த்தி, குதிகாலை மண்ணில் பதிக்காமல் விரல் நுனியில் நிற்கிறார். அவருடைய பார்வை வருபவரின் முகத்தில் இல்லை, இடுப்புக்குக் கீழே இருக்கிறது. ஏனெனில் முகம் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து மற்றக் காலைத் தூக்கும் அந்த ஒரு கணத்தில், ரைடரின் உடற்பாரம் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கும்போது, மூலைக்காரர் கோத்த கையை விட்டுவிட்டுக் கணுக்காலின்மேல் விழுகிறார். அவர் பிடித்துவிட்டதால் காரியம் முடிந்துவிடவில்லை. பிடிபட்டவர் அப்படியே நடுக்கோட்டை நோக்கித் தம்மை எறிந்துகொள்வார். அந்த வழியை அடைத்து, தோளால் மோதியோ தொடையை வளைத்தோ அவரைத் திருப்பிவிடுபவர் கவர் இடத்தில் நிற்பவர். ஒருவர் ஒரு கால் விநாடி முந்தினால் ரைடர் விழித்துக்கொள்வார். மற்றவர் ஒரு கால் விநாடி பிந்தினால் கோட்டைத் தொட்டுவிடுவார். இருவரும் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல் இதைச் செய்கிறார்கள். பல்லாண்டு ஒன்றாக ஆடிய அப்பியாசத்தாலன்றி இது சித்திப்பதில்லை.

இத்தகைய கலைக்கு 2014 ஜூலையில் தொடங்கிய புரோ கபடி லீக் செய்த நன்மையை முதலில் மனமாரச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பு, ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் முதலாகத் தங்கம் வென்று வந்தவர்களைக்கூட, ரயில்வேயிலும் காவல்துறையிலும் வங்கியிலும் கிடைத்த உத்தியோகமே தாங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் அந்த உத்தியோகத்துக்கு வாயிலாக இருந்ததேயன்றித் தானே ஒரு ஜீவனமாக இருக்கவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த பிடியாட்டக்காரர் தர்மராஜ் சேரலாதனின் வாழ்வைப் பாருங்கள். 1975-இல் பிறந்த அவர், லீக் தொடங்கியபோது 39 வயதினர். மற்ற ஆட்டங்களில் அந்த வயதில் வீரர்கள் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளராகிவிடுவார்கள். அவரோ 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். 2019-இல், 44 வயதில், ஹரியாணா ஸ்டீலர்ஸ் அணியின் தலைவராக இருந்தார். அவரில் பாதி வயதுள்ள சக ஆட்டக்காரர்கள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர்.

இது ஒரு தனிமனிதரின் அதிசயம் மட்டுமன்று. ரைடரின் மூலதனம் வேகம்; அது முப்பதைத் தாண்டினால் கரையத் தொடங்கும். பிடிப்பவரின் மூலதனமோ கணிப்பு; ஆயிரம் ரைடுகளைப் பார்த்த கண்ணுக்கு ஆயிரத்தோராவது ரைடு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அனுபவத்துக்கு மதிப்புள்ள ஒரு ஜீவனத்தைப் பிடியாட்டக்காரருக்கு இந்த லீக் அமைத்துக் கொடுத்தது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயலாகும்.

விதிகளின் அமைப்பிலும் சில நன்மைகள் உண்டு. மூவரோ அதற்குக் குறைவானவரோ களத்தில் எஞ்சியிருக்கும்போது ரைடரைப் பிடித்தால் 2 புள்ளி என்னும் 'சூப்பர் டேக்கிள்' விதி, நலிந்த அணிக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. தொடர்ந்து இரண்டு ரைடுகள் வெறுமனே திரும்பிவிட்டால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே தீரவேண்டும், இல்லையேல் ரைடர் வெளியேற வேண்டும் என்னும் 'டூ ஆர் டை' விதி அதைவிடச் சிறந்தது. பொறுமையாகக் காத்தவர்களின் உழைப்புக்கு முதன்முறையாக ஒரு பலன் இதனால் உண்டாயிற்று.

ஆனால் அந்தப் பலன் அணிக்குச் சேருகிறதேயன்றி ஆளுக்குச் சேருவதில்லை. இங்கேதான் குறை தொடங்குகிறது. ரைடர் ஒரே மூச்சில் மூவரைத் தொட்டு மீண்டால் மூன்று புள்ளிகளும் அவர் பெயரில் எழுதப்படுகின்றன. நால்வர் சேர்ந்து ஒரு ரைடரை வீழ்த்தினால் ஒரே ஒரு புள்ளி, அதுவும் முதலில் பிடித்தவர் பெயரில் எழுதப்படுகிறது. வழியடைத்த கவர் ஆட்டக்காரரின் பெயர் ஏட்டில் இல்லை. பிடி தவறிவிட்டாலோ, உதவிக்கு வந்து ரைடரைத் தொட்ட அத்தனை பேரும் வெளியேற வேண்டும். நஷ்டத்தில் எல்லோருக்கும் பங்கு, லாபத்தில் ஒருவருக்கே உரிமை என்னும் இந்த ஏற்பாட்டில், உதவிக்கு ஓடிவருவதே புத்திசாலித்தனமற்ற காரியமாகத் தோன்றும்படி கணக்கு அமைந்துவிட்டது. அப்படியிருந்தும் ஓடிவருகிறார்களே, அது அவர்களுடைய குணத்தின் பெருமை. கணக்கின் பெருமை அன்று.

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பவர் டேபிளில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் வாரக் கடைசியில் எத்தனை டஜன் என்று எண்ணிக் காட்டிக் கூலி பெறுகிறார். செக்கிங்கில் நிற்கும் பெண்ணோ, துணியில் விழுந்த ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் தையல் விட்ட இடத்தையும் கண்டுபிடித்து ஒதுக்கி, ஷிப்ட் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கப்பல் சரக்கு திரும்பி வந்தால் அவர் பெயர் உடனே அடிபடும்; திரும்பி வராத சரக்குக்காக அவர் பெயரை எவரும் சொன்னதில்லை. ரைடர் அருகில் நெருங்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பும்படி இடத்தை அடைத்து நின்ற மூலைக்காரரின் நிலையும் அதுவே.

எண்களும் இதையே பேசுகின்றன. லீகின் வரலாற்றில் முதன்முதலாக 500 பிடிப் புள்ளிகளைத் தொட்டவர் ஈரானின் ஃபசல் அத்ராசலி. அந்த எல்லையை எட்ட அவருக்குப் பத்தாண்டு ஆயிற்று. அதே காலத்தில் பர்தீப் நர்வால் எடுத்த ரைடுப் புள்ளிகள் ஏறத்தாழ 1,800. இவ்விருவரில் ஒருவர் மற்றவரைவிட மூன்றரை மடங்கு சிறந்தவர் என்று கபடி அறிந்த எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் ஏட்டைப் பார்த்து விலை பேசும் ஏலத்தில் எண் பேசுகிறதே தவிர அறிவு பேசுவதில்லை. அத்ராசலி 2018-இல் ஒரு கோடி ரூபாய்க்கு ஏலம் போனார் என்பது மெய். பிடியாட்டக்காரருக்கு அது பெரிய கௌரவம். அவருடைய நாட்டவரான முகம்மதுரெசா ஷாட்லூயி 2023-இல் 2 கோடியே 35 லட்சத்துக்கும், 2025-இல் அந்த ஆண்டின் மிக உயர்ந்த விலையான 2 கோடியே 23 லட்சத்துக்கும் எடுக்கப்பட்டார் என்பதும் மெய். ஆனால் ஷாட்லூயி ஏலப் பட்டியலில் 'ஆல்ரவுண்டர்' என்ற வகுப்பில் நின்றவர் என்பதை மறந்துவிடக் கூடாது. இடது மூலையில் அவருக்கு இருக்கும் பேராற்றலே அவருடைய கீர்த்திக்கு மூலகாரணம். இருந்தும் பாடவும் தெரிந்தவர் என்ற அடைமொழி சேர்ந்த பிறகுதான் சந்தை அவருக்கு முதல் விலையைக் கொடுத்தது.

இது நம் ஆட்டத்துக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று. அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறியவேண்டிய எதிரணி வீரரை அவர் எறியுமுன்னரே பாய்ந்து வீழ்த்துவது தற்காப்பு ஆட்டக்காரரின் உச்ச சாதனை. 1961 முதல் 1974 வரை ஆடிய டீக்கன் ஜோன்ஸ் அதில் தம் காலத்தின் ஈடிணையற்றவர். ஆனால் அந்நாட்டுத் தேசிய லீக் அதைத் தனிமனிதர் கணக்கில் எழுதத் தொடங்கியதே 1982-ஆம் ஆண்டில்; ஆகவே அவருடைய அதிகாரபூர்வமான எண்ணிக்கை ஒரு வெற்றிடமாகவே நிற்கிறது. பிற்கால ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைப் புரட்டித்தான் அவருக்குரியதைத் தேடி எழுத வேண்டியிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் ஆண்டுதோறும் அளிக்கும் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் 1971-இல் ஆலன் பேஜ், 1986-இல் லாரன்ஸ் டெய்லர் என்னும் இருவருக்கு மட்டுமே தற்காப்புப் பக்கத்தில் சென்றது. ஆயினும் அந்த நாட்டார் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டியது. எண்ணத் தொடங்கிய பிறகு தற்காப்பு வீரரின் ஊதியமும் மதிப்பும் வேறாயின.

பிடியை மட்டும் எண்ணுவதால் விளையும் தீமை சம்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆட்டத்தின் இயல்பையே அது மாற்றுகிறது. ஒரே ஆட்டத்தில் ஐந்து பிடிப் புள்ளி எடுத்தால் 'ஹை ஃபைவ்' என்று அறிவிப்பாளர் முழங்குகிறார். அந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள், ரைடர் தம் எல்லைக்குள் வருமுன்னரே பாய்ந்து விழுகிறார்கள். அணி முன்னணியில் இருக்கிறது, இன்னும் இரண்டு நிமிடமே எஞ்சியிருக்கிறது, ரைடரை வெறுமனே திருப்பி அனுப்பினால் போதும் என்னும் நேரத்திலும் பாய்கிறார்கள். கிராமத்து ஆட்டங்களில் முதிய மூலைக்காரர்கள் 'சும்மா நில்லுடா, அவனே போயிருவான்' என்று கத்திக்கொண்டே இருப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் 'சும்மா நிற்றல்' என்பதுதான் காவலின் பாதி வித்தை. அதற்கு ஒரு புள்ளியும் இல்லாதபோது அதைக் கற்பவர் யார்?

இனி உடம்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கணுக்காலைப் பிடிப்பவரின் முகத்துக்கு நேரே எதிரியின் மற்றக் குதிகால் இருக்கிறது. விரல்கள் மடங்குகின்றன, தோள் இடம்பெயர்கிறது, முழங்கால் முறுக்கிக்கொள்கிறது. லீக் ஆட்டக்காரருக்கு அணியின் மருத்துவர் உண்டு. எங்கள் பக்கத்து மண் களத்தில் விழுபவருக்கு ஐஸ் கட்டியும் ஒரு சுற்று டேப்பும் உண்டு. ஓவர்லாக் தைக்கும் ஓர் இளைஞர், ஞாயிற்றுக்கிழமை மூலையில் ஆடிச் சுண்டுவிரலும் மோதிர விரலும் வீங்கிப்போய், திங்களன்று துணியை ஊசிக்கு நேராகத் தள்ள முடியாமல், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் ஒப்பேற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குச் சிகிச்சை கிடைக்கும். வேலைக்குப் போக இயலாத நாட்களுக்குத் தகுதிக்குட்பட்டு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. ஆனால் நிரந்தர ஊனத்துக்கான உதவி, வேலையால் வந்த காயத்துக்கே உரியது. களத்தில் முறிந்த முழங்காலுக்கு அது பொருந்தாது. காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களில் பலருக்கு அந்த அட்டையே இல்லை. ரைடருக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ரைடில் விழுபவர் ஒருவர், அவர்மேல் விழுபவர் நால்வர். மோதல் அவர்கள் பங்கில்தான் மிகுதி.

பரிகாரம் கடினமானது அன்று. பரிசுத் தொகையையும் கோப்பைகளையும் மனமுவந்து வழங்கும் நம் பின்னலாடை நிறுவனத்தார், அதில் ஒரு பகுதியைப் போட்டி நடக்கும் நாட்களுக்கு ஆட்டக்காரர்களின் விபத்துக் காப்பீட்டுக்கு ஒதுக்கலாம். ஒரு சுழற்கோப்பையின் உயரத்தை அரையடி குறைத்தாலே அந்தப் பணம் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறேன். கணக்கைத் திருத்துவது அதைவிட எளிது. மேசைமேல் ஸ்கோர் எழுதுபவரின் நோட்டில், பிடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் வழியடைத்தவர் பெயரையும் எழுத ஒரு பத்தி, எந்த மூலைப் பக்கம் போன ரைடு வெறுமனே திரும்பிற்று என்று குறிக்க இன்னொரு பத்தி, இவ்வளவுதான் தேவை. லீகின் பெரிய ஏடுகள் மாறுவதற்கு நாளாகலாம். எங்கள் பக்கத்து மின்னொளிப் போட்டி நோட்டீஸில் சிறந்த ரைடர், சிறந்த கேட்சர் என்ற இரண்டு பரிசுகளுக்குக் கீழே 'சிறந்த கவர்' என்று மூன்றாவது ஒன்றை அச்சடிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அப்படி ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டால், அடுத்த பொங்கலுக்குள் கவர் இடத்தில் நிற்கப் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.