குடும்பப்பெயரும் குருதியும்: தோமஸ் ஹார்டியின் 'ரெஸ்' நாவல் பற்றிய ஒரு மறுநோக்கு

தோமஸ் ஹார்டியின் 'டேர்பவில் குலத்து ரெஸ்' 1891இல் நூலுருப் பெற்றது. அந்நாவலின் கதை காதலோடும் தொடங்கவில்லை, குற்றத்தோடும் தொடங்கவில்லை. ஒரு பெயரைப் பற்றிய செய்தியோடு தொடங்குகிறது. மாலை வேளையில் வீடு திரும்பிக்கொண்டிருக்கும் ஜோன் டேர்பிபீல்ட் என்னும் ஏழைச் சிறுவியாபாரியை வழியிற் காணும் திரிங்காம் பாதிரியார், அவனை மேற்குடியினனுக்குரிய பட்டத்தோடு விளித்து வணங்குகிறார். டேர்பிபீல்ட் என்பது டேர்பவில் என்ற பழம்பெருங்குடியின் பெயர் சிதைந்த வடிவமென்றும், முதலாம் வில்லியத்தோடு நோர்மண்டியிலிருந்து வந்த சேர் பேகன் டேர்பவிலின் நேர்வழியினன் அவனே என்றும் கூறுகிறார். வரலாற்றார்வத்தால் வாய்தவறி உதிர்ந்த அச்செய்தி ஒரு குடும்பத்தையே அழித்துவிடுகிறது.

இந்நாவலை ஆராய்ந்தோர் பலரும் அதன் ஒழுக்கவியலையும், விதிக்கோட்பாட்டையும், கிராமியப் பொருளாதாரப் பின்னணியையும் விரிவாக நோக்கியுள்ளனர். கதையின் முதலசைவுக்குக் காரணமான பெயர் பற்றிய வினா அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. ஒரு குடும்பப்பெயர் எதனைச் சுமந்து வருகிறது? குருதியையா, நிலத்தையா, வெறும் ஒலியையா? இவ்வினாவுக்கு உயிரியல் இன்று ஓரளவு விடையளிக்கக்கூடிய நிலையில் உள்ளமையால், ஹார்டியின் படைப்பை அவ்வொளியில் மீண்டும் நோக்குதல் பயனுடையதாகும்.

இங்கிலாந்தில் தந்தைவழியாக இறங்கும் குடும்பப்பெயர் தொன்றுதொட்டு இருந்துவந்த ஒன்றன்று. 1066இல் நிகழ்ந்த நோர்மானியப் படையெடுப்பின் பின்னர், நிலவுடைமையாளரிடையே தம் ஊர்ப்பெயரைப் பரம்பரைப் பெயராக்கும் வழக்கம் வேரூன்றியது. நிலமும் பட்டமும் மகனுக்குச் சேர வேண்டுமாயின் அவன் இன்னாரின் மகன் என்பதைப் பெயரே காட்ட வேண்டியிருந்தது. பொதுமக்களிடையே அவ்வழக்கம் மெல்லப் பரவி, பதினைந்தாம் நூற்றாண்டளவிலேயே பெரும்பாலும் நிலைபெற்றது. ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் என்னும் நான்குமே ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் தலையாய ஊற்றுக்கள். குடும்பப்பெயரின் பிறப்பிலேயே உடைமை உறவு பொதிந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஹார்டி கையாண்ட பெயர் முற்றிலும் கற்பனையன்று. டோர்செற் மாவட்டத்தில் பியர் ரீஜிஸ் என்னும் ஊரில் ரேர்பவில் என்றொரு பழங்குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்தது. அவ்வூர்த் தேவாலயத்தில் அக்குடும்பத்தவரின் கல்லறைகளும் அவர்தம் பெயர் தாங்கிய சாளரமும் உள்ளன. அவ்வூரே நாவலில் கிங்ஸ்பியர் ஆயிற்று. தம் சொந்தக் குடும்பமும் முன்னொரு காலத்தில் உயர்ந்திருந்து தாழ்ந்ததென்ற எண்ணம் ஹார்டிக்கு இருந்தது. பிற்காலத்தில் 'மரபுவழி' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் கவிதையொன்றும் எழுதினார். எனவே பாதிரியாரின் ஆர்வம் ஆசிரியருக்கும் ஓரளவு உரியதே. அந்த ஆர்வத்தைத் தாமே ஐயுற்றுச் சோதித்தமையிலேதான் அவருடைய கலைநேர்மை வெளிப்படுகிறது.

இனி அறிவியலின் கூற்றை நோக்கலாம். ஆணிடத்து மாத்திரம் காணப்படும் வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாற்றமின்றிக் கடத்தப்படுகிறது. ஆங்கிலக் குடும்பப்பெயரும் அதே வழியில் இறங்குவது. ஆகவே ஒரே பெயருடைய ஆடவரிடம் ஒரேவகை நிறமூர்த்தம் காணப்படுமாயின் அவர்களுக்குப் பொது மூதாதை ஒருவன் இருந்தான் எனக் கருத இடமுண்டு. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ், கதரின் ஏர்வன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. வட இங்கிலாந்து வழக்கில் சிற்றோடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது சைக்ஸ் என்ற பெயர். ஓடைகள் பல, ஆதலின் அப்பெயர் பல குடும்பங்களிடையே தனித்தனியே தோன்றியிருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. ஆயினும் சோதிக்கப்பட்ட 48 ஆடவருள் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடம் ஒரேவகை நிறமூர்த்தம் காணப்பட்டது. ஒரு மூலபுருடனிடமிருந்தே அப்பெயர் பரவியிருக்கலாம் என்றும், மகப்பேற்றில் தந்தைவழி பிறழும் அளவு தலைமுறையொன்றுக்கு 1.3 சதவீதமளவே என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

லெஸ்ரர் பல்கலைக்கழகத்தின் துரி கிங், மார்க் ஜொப்ளிங் ஆகியோர் 2009இல் 40 பெயர்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தபோது முடிவு மேலும் நுணுக்கமாயிற்று. அரிதான பெயர்களைத் தாங்கியோரிடையே நெருங்கிய உறவு புலப்பட்டது. ஸ்மித் என்பதுபோல் கொல்லர் தொழிலால் ஊர்தோறும் பிறந்த பெயரைத் தாங்கியோரோ பொதுமக்களினின்றும் வேறுபடவில்லை. இவ்விருவரும் பிறரும் 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் சிந்தனைக்குரியது. யோர்க்ஷயரைச் சார்ந்த அரிய ஆங்கிலப் பெயரொன்றைத் தாங்கிய 18 ஆடவருள் 7 பேரிடம் மேற்கு ஆபிரிக்காவுக்குரிய அரிய வகை நிறமூர்த்தம் காணப்பட்டது. ஆபிரிக்க மூதாதை பற்றி எவ்வித நினைவும் இல்லாத 'தூய' ஆங்கிலேயர் அவர்கள். அரச குலமும் இதற்கு விலக்கன்று. 2012இல் லெஸ்ரர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் றிச்சட் மன்னனின் எச்சங்கள் தாய்வழிப் பரம்பரைச் சான்றினால் உறுதி செய்யப்பட்டன. ஆனால் 2014இல் வெளியான முடிவின்படி, அவனுடைய வை நிறமூர்த்தம் ஏடுகள் சுட்டும் தந்தைவழி உறவினரின் நிறமூர்த்தத்தோடு பொருந்தவில்லை. இடையிலெங்கோ ஏடு ஒரு வழியும் குருதி வேறொரு வழியும் சென்றுள்ளன.

இவ்வளவையும் திரிங்காம் பாதிரியாரின் கூற்றோடு பொருத்திப் பார்க்கலாம். சேர் பேகனுக்கும் ஜோன் டேர்பிபீல்டுக்கும் இடையே எட்டு நூற்றாண்டுகள். தலைமுறைக்கு முப்பது ஆண்டெனக் கொண்டால் ஏறத்தாழ 27 தலைமுறைகள். மேற்காட்டிய 1.3 சதவீதப் பிறழ்வை ஏற்றுக்கொண்டால், தந்தைவழி அறுபடாது வந்திருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எழுபதளவே. பெயர்ச்சிதைவை மாத்திரம் ஆதாரமாகக் கொண்ட கூற்றுக்கு இது குறைவன்று. ஆனால் அறுபடாத அவ்வழி எதனை நிறுவுகிறது? 27ஆம் தலைமுறையில் ஒருவனுக்குரிய மூதாதையர் இடங்கள் கணக்களவில் 13 கோடிக்கு மேலாகும். வில்லியத்தின் காலத்து இங்கிலாந்தின் குடித்தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியதாகக் கருதப்படுவதில்லை. எனவே ஒரே மூதாதையர் பல வழிகளில் மீண்டும் மீண்டும் வந்திருத்தல் வேண்டும். டேர்பவிலின் குருதி டேர்பிபீல்டிடம் இருக்குமாயின், அது அவனோடு வயலில் உழைத்த பெயரில்லாக் கூலியாட்களிடமும் இருந்திருக்கும். கோடிக்கணக்கான இழைகளுள் ஒன்றை மாத்திரம் தெரிந்தெடுத்து, அதற்குக் குலம் என்று பெயரிடுவது உயிரியலின் செயலன்று, சமூகத்தின் செயல்.

இதனினும் கூர்மையான முரண் ஒன்றுண்டு. வை நிறமூர்த்தம் ரெஸ்ஸுக்குக் கிடைக்கவே மாட்டாது. பெண்ணாதலின் அவள் அதனைத் தாங்குவதில்லை. அவ்வழிக்கு உரியவன் அவள் தம்பி ஆபிரகாமே. எனினும் குலப்பெயரின் பாரம் முழுவதும் அவள் தலையிலேயே சுமத்தப்படுகிறது. குதிரையை இழந்த குடும்பத்தைத் தாங்குவதற்காக உறவு கொண்டாடச் செல்பவள் அவளே. நிறமூர்த்தம் பற்றி அறியாத ஹார்டி இம்முரணைத் தம் கலையுணர்வால் தொட்டிருக்கிறார். ரெஸ்ஸின் அழகு பெரும்பாலும் தாய் தந்த கொடை என்றும், அதற்கும் வீரக்குடிக்கும் தொடர்பில்லை என்றும் நாவலின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். அவளை அலெக்கின் கண்ணிற் படச்செய்தது வரலாற்றில் இடம்பெறாத ஒரு பால்காரப் பெண்ணின் மரபு. அவளை அவன் வாயிலுக்கு அனுப்பியது வரலாற்றேட்டின் மரபு.

அந்த வாயிலில் அவள் காண்பதும் பெயரே, குருதியன்று. அலெக்கின் தந்தை சைமன் ஸ்ரோக் வடக்கே வணிகத்திற் பொருளீட்டியவர். தம் பழைய அடையாளத்தை மறைக்க விரும்பி, மறைந்த குடிகளைப் பற்றிய நூல்களில் தேடி டேர்பவில் என்ற பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டவர். ஒருபுறம் பணத்தோடு கூடிய போலிப் பெயர். மறுபுறம் பெயர் சிதைந்து உடைமையும் இழந்த மெய்வழி. இவ்விரண்டிற்கும் இடையே பிறக்கும் குழந்தைக்குத் தந்தைவழிப் பெயரே இல்லை. நள்ளிரவில் தாய் தானே திருமுழுக்காட்டித் 'துயரம்' என்று பெயர்சூட்டுகிறாள். பெயர்களால் இயங்கும் கதையில் உண்மையாகச் சூட்டப்பட்ட பெயர் இது ஒன்றே எனலாம்.

தந்தை இறந்ததும் மூன்று ஆயுட்காலங்களுக்கு எழுதப்பட்டிருந்த வீட்டுக் குத்தகை முடிவுறுகிறது, குடும்பம் வெளியேற்றப்படுகிறது. கிங்ஸ்பியரில் தங்க இடமின்றி, மூதாதையரின் கல்லறைகள் உள்ள தேவாலயச் சுவரோரம் கட்டிலை இட்டுக் குழந்தைகளை உறங்கவைக்கின்றனர். உள்ளே கல்லறைமீது படுத்திருந்து எழும் அலெக், நிலத்தடியில் உறங்கும் மெய்யான டேர்பவில்கள் அனைவரிலும் போலியான தானே அவளுக்கு உதவ வல்லவன் என்கிறான். கொடுமை யாதெனில் அவன் கூற்று உண்மை என்பதே. ஆர்னல்ட் கெற்றில் 1953இல் இந்நாவலை ஆங்கில உழவர் குடியின் அழிவு என விளக்கினார். ரேமண்ட் வில்லியம்ஸ் அதனை மறுத்து, ரெஸ் ஆயுட்குத்தகை வீட்டுச் சிறுவியாபாரியின் மகள் என்றும், அவளைக் கெடுத்தவன் புதுப்பணக்காரனின் மகன் என்றும் சுட்டிக்காட்டினார். பெயரை மையமாக வைத்து நோக்குவோர்க்கு வில்லியம்ஸின் கருத்தே பொருத்தமுடையதாகத் தோன்றும். குலம் என்பது உடைமை இருக்கும்வரை ஆற்றல். உடைமை நீங்கியபின் அது வெறும் மயக்கம்.

எனினும் ஹார்டி இத்தெளிவில் முற்றாக நிலைத்திருந்தார் எனக் கூறுதல் இயலாது. மணநாளிரவில் தங்கும் பழைய மாளிகைச் சுவரிலுள்ள டேர்பவில் பெண்களின் கொடிய ஓவியங்களில் ரெஸ்ஸின் சாயல் ஐயமின்றித் தென்படுவதாக எழுதுகிறார். தாயின் கொடை என முன்னர் கூறியதை இது மறுக்கிறது. குலத்துக் கோச்சு வண்டி பற்றிய தீநிமித்தக் கதையும், கொலைக்குப்பின் டேர்பவில் குருதியில் உறைந்த ஏதோவொன்று வெளிப்பட்டதோ என ஏஞ்சல் கிளெயர் எண்ணுவதும் அத்தகையனவே. மரபுரிமை பற்றி வைஸ்மன் எழுதிய கட்டுரைகளை ஹார்டி 1890ஆம் ஆண்டளவிற் படித்தார். மென்டலின் விதிகள் கவனம் பெற்றது 1900இலேயே. அக்கால அறிவின் எல்லையை ஆசிரியரின் குற்றமாக்குதல் பொருந்தாது. ஆயினும் வறுமையும் வஞ்சனையும் வெளிப்படையாக விளக்கிவிட்ட ஒரு செயலுக்குக் குருதியை இரண்டாவது காரணமாகத் துணைக்கழைத்தமை நாவலின் குறை என்றே கொள்ளவேண்டும்.

அக்குறையிலும் ஒரு நுட்பம் உண்டு. குருதிவாதத்தை மிகுதியாகப் பேசுபவன் ஏஞ்சலே. பழங்குடிகளை வெறுப்பதாகக் கூறியவன், ரெஸ்ஸின் குலத்தை அறிந்ததும் தன் தாய்க்கு அது ஏற்புடையதாகும் என மகிழ்கிறான். அவள் தன் கடந்தகாலத்தை உரைத்ததும் அதே குலத்தைச் சீரழிந்த மரபெனப் பழிக்கிறான். ஒரே மூதாதை காலையிற் பெருமையாகவும் மாலையிற் குற்றமாகவும் பயன்படுகிறான். குருதி பற்றிய பேச்சு எப்பொழுதும் பேசுவோனின் தேவையைப் பின்பற்றியே செல்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இன்று திரிங்காம் பாதிரியாரின் பணியை ஆய்வுகூடங்கள் ஏற்றுள்ளன. உமிழ்நீரைக் கட்டணத்தோடு அனுப்புவோர்க்கு மூதாதையர் பட்டியல் வந்து சேருகிறது. சைக்ஸ் பெயரைப் பற்றிய ஆய்வு அறிவுக்கு விருந்தே, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வறிவு பெருமையாகவோ பழியாகவோ மாற்றப்படுமிடத்து டேர்பிபீல்டின் மயக்கமே மீண்டும் பிறக்கிறது. ஹார்டி தம் நாவலின் துணைத்தலைப்பில் ரெஸ்ஸைத் தூய பெண் என அழைத்தார். அத்தூய்மை சேர் பேகனிடமிருந்து வந்ததன்று. எந்த நிறமூர்த்தமும் கடத்தக்கூடியதுமன்று. பெயரும் நிலமும் அற்ற நிலையில் தன் உடன்பிறந்தோர் பசியாற வேண்டுமென்று அவள் கொடுத்த விலையில் அது இருக்கிறது. அதனைக் கண்டு கூறிய இடத்தில், தம்முடைய குருதிக் கொள்கையையும் கடந்து நிற்கிறார் ஹார்டி.