உள்ளே அடைத்த புகை

எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்குக்காரர்களின் பழைய ஜோக் ஒன்று எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஐ.சி. என்ற சிப் ஓடுவது மின்சாரத்தால் அல்ல, உள்ளே அடைத்து வைத்திருக்கும் புகையால். புகை வெளியே போய்விட்டால் அப்புறம் ஓடாது.

நேரில் பார்த்தவர்கள் இதை மறுக்கவே முடியாது! சின்ன ஆடியோ ஆம்ப்ளிஃபயர் செய்யப் பலரும் எடுக்கும் எல்எம்386, எட்டுக் கால் ஐ.சி.; 9 வோல்ட் பேட்டரியில் சமர்த்தாகப் பாடும். ஆனால் புகை விஷயத்தில் பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைத்தான் பார்க்க வேண்டும். உடம்பில் மைனஸ் பக்கத்தைக் காட்டும் பட்டை. உருளை கொஞ்சம் பெரிதென்றால் மண்டையில் கூட்டல் குறிபோல ஒரு கீறல். மாற்றி மாட்டினால் உள்ளேயிருக்கும் ஆக்சைடு படலம் கெட்டு, மின்னோட்டம் எகிறி, திரவம் கொதித்து வாயுவாகும். அது கண்டபடி வெடிக்காமல் பிளந்துகொண்டு போகத்தான் அந்தக் கீறல். ஆக, புகை போகத் தயாரிப்பாளரே வாசல் வைத்திருக்கிறார்.

ஜோக்கின் நல்ல மனசு, அது சொல்லப்படும் நேரத்தில் இருக்கிறது. முதல் சர்க்யூட்டைக் கருக்கிவிட்டு முகம் வாடி நிற்கும் பையனிடம் யாரும் “ஏன்டா இப்படிப் பண்ணினே?” என்று கேட்பதில்லை. “புகை போயிடுச்சா? சரி, அடுத்ததை மாட்டு. பட்டையைப் பார்த்து மாட்டு.”