உறவுச்சொல்லும் உயிர்காப்பும்
கனடாவின் மேட்டி இனத்து எழுத்தாளர் செரி டிமாலைன் 2017இல் வெளியிட்ட இளையோர் நாவல் ‘தி மாரோ தீவ்ஸ்’. பழங்குடியல்லாதோர் கனவு காணும் ஆற்றலை இழந்த எதிர்காலத்தில், பழங்குடியினர் எலும்பு மஜ்ஜைக்காக வேட்டையாடப்படுகின்றனர். அவர்களை அடைக்கும் ‘பள்ளிகள்’ அந்நாட்டின் பழைய உறைவிடப் பள்ளிகளை நினைவூட்டுவன. மிக்வான்ஸ் தலைமையில் வடக்கு நோக்கித் தப்பியோடும் குழு, குருதியுறவால் அன்றிக் கதைகளாலும் எஞ்சிய தாய்மொழிச் சொற்களாலும் குடும்பமாகிறது. மூதாட்டி மினர்வா தம் மொழியில் பாட, மஜ்ஜையெடுக்கும் பொறி செயலிழக்கிறது. இங்கு மொழி அணியன்று, உயிர்காப்பு. எனவே ஆங்கிலத்தினிடையே வரும் பழங்குடிச் சொற்களை மொழிபெயர்ப்பாளர் ஒலிபெயர்ப்பதே தகும்.

உறவுச்சொற்களில் மேலும் விழிப்பு வேண்டும். அயலாரையும் ‘அண்ணா’, ‘அம்மா’ என எளிதில் அழைப்பது தமிழ் வழக்கு. அதைத் தொடக்கத்திலேயே புகுத்தினால், பாத்திரங்கள் அரிதில் ஈட்டும் உறவு இயல்பாக வாய்த்ததாகிவிடும். மிக்வான்ஸை ‘அப்பா’ என்றாக்கினாலோ, பிரெஞ்சி பெற்ற தந்தையை மீண்டும் காணும் கட்டம் பொருளிழக்கும்.