கைப்பேசி விளையாட்டுகளில் தமிழ் எழுத்தலகும் தாயக் கணக்கும்: ஒரு மதிப்பீடு

1. நோக்கம்

மூணாற்றிலிருந்து அடிமாலி நோக்கி இறங்கும் மலைச்சாலையில் அமைந்தது பள்ளிவாசல். 1940இல் இயங்கத் தொடங்கிய புனல் மின்நிலையத்தால் அறியப்படும் ஊர். 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம் வட்டம் கேரளத்தில் அமைந்தமையால், தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பயில்வோராக வளர்கின்றனர். அவர்கள் கையில் இன்று கைப்பேசி உண்டு. அதில் சொல் விளையாட்டும் பகடை விளையாட்டும் உண்டு.

அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். சிறுவன் ஒருவன் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றில் ‘கொழுந்து’ என்று உள்ளிட்டான். நான்கு எழுத்துச் சொல் கேட்ட அவ்விளையாட்டு, சொல்லின் நீளம் பொருந்தவில்லை என்று மறுத்தது. “அக்கா, தப்புன்னு சொல்லுது” என்றான். அருகிலிருந்த தமக்கை விரல்விட்டு எண்ணினாள்: “கொ, ழு, ந், து. நாலுதானே வருது?” மீண்டும் உள்ளிட்டும் பயனில்லை. அவன் அதனை மூடிவிட்டு லூடோவைத் திறந்தான். பகடை எவரையும் தப்பு என்று சொல்வதில்லை.

அச்சிறுமியின் எண்ணிக்கை சரியானது. கருவியின் எண்ணிக்கையே பிழை. ஒரு சொல் விளையாட்டு, அம்மொழியின் அலகு யாது என்பது பற்றிய ஒரு கொள்கையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. வெளியே தெரியும் தொடர்களை மட்டும் தமிழாக்கி, உள்ளிருக்கும் அக்கொள்கையை அப்படியே விட்டுவிடும் விளையாட்டு, மொழிபெயர்க்கப்பட்டதாகாது. இக்கருத்தைச் சொல் விளையாட்டிலும் பகடை விளையாட்டிலும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஒரு பெயர், பல எண்ணிக்கைகள்

பள்ளிவாசல் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் கற்ற குழந்தை இதனை ப, ள், ளி, வா, ச, ல் என ஆறு எழுத்தாக எண்ணும். மலையாள எழுத்தில் ளகர இரட்டை ஒரே கூட்டெழுத்தாக எழுதப்படுவதால், ஈற்று லகரச் சில்லெழுத்தையும் சேர்த்து ஐந்தாக எண்ணலாம். ஒருங்குறியில் தமிழ் வடிவம் பத்துக் குறிகளால் ஆனது. ஒலியன்களாகப் பிரித்தாலும் ப், அ, ள், ள், இ, வ், ஆ, ச், அ, ல் எனப் பத்தே. உரோமன் எழுத்திலும் பத்து.

இறுதி மூன்றும் பத்தாக அமைந்தது தற்செயல். இத்தற்செயல் ஒரு மயக்கத்திற்கும் இடந்தருகிறது. ஒருங்குறியின் பத்தும் ஒலியன்களின் பத்தும் ஒன்றல்ல. ஒருங்குறியில் ‘ப’ ஒரு குறி; ஒலியன் நிலையில் அது பகர மெய்யும் அகர உயிருமாக இரண்டு. ‘ள்’ ஒலியன் நிலையில் ஒன்று. ஒருங்குறியில் ளகரமும் புள்ளியுமாக இரண்டு. ஒலிக்கப்படும் அகரம் எண்ணப்படுவதில்லை. உயிர் இல்லை என்பதைக் காட்டும் புள்ளி எண்ணப்படுகிறது. உள்ளது விடுபட்டு இல்லாமை கணக்கில் ஏறும் இம்முறை, எழுதும் வரிவடிவைச் சேமிப்பதற்கு ஏற்றது. மொழியின் அலகை அளப்பதற்கு ஏற்றதன்று.

‘கொழுந்து’ என்னும் சொல்லில் இச்சிக்கல் மேலும் ஒரு படி கூடுகிறது. அதன் நான்கு எழுத்துக்கள் ஒருங்குறியில் எட்டுக் குறிகளாகின்றன. அன்றியும், ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் இடலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்றே வரையறுக்கிறது. ஆனால் அந்நிகர்மையைச் சரிபார்க்காமல் குறிகளை மட்டும் ஒப்பிடும் செயலி, கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இரு சொற்களை வேறென்று தீர்ப்பளிக்கும். பள்ளிவாசலில் நேர்ந்த மறுப்புக்கு இத்தகைய எண்ணிக்கைக் குறையே காரணமாதல் வேண்டும்.

இக்குறை தவிர்க்க இயலாததன்று. ஒருங்குறித் தொடரைத் தமிழ் எழுத்துக்களாகப் பகுக்கும் கட்டற்ற மென்பொருள் நிரல்கள் உள்ளன. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி தரும் ‘தேஸ் 16’ என்னும் குறிமுறையைத் தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. கருவி உண்டு, அதனைப் பயன்படுத்தவேண்டும் என்னும் மொழியுணர்வே இல்லை.

3. மூல விளையாட்டுகள் தம் மொழியை அறிந்த விதம்

ஆங்கிலச் சொல் விளையாட்டுகள் எழுத்துக்களைக் கண்மூடிக் கலந்து உருவானவை அல்ல. 1930களில் ஆல்பிரட் பட்ஸ் என்பார் பின்னாளில் ஸ்கிராபிள் எனப் பெயர் பெற்ற விளையாட்டை வகுத்தபோது, நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துக்களின் வருகையை எண்ணினார். அதன்படியே அதன் நூறு காய்களில் மிகுதியாக வழங்கும் ‘ஈ’ எழுத்துக்குப் பன்னிரண்டு காய்களும், அருகி வழங்கும் ‘க்யூ’, ‘இசட்’ ஆகியவற்றிற்கு ஒவ்வொரு காயும் அமைந்தன. ஸ்பானியப் பதிப்பில் அம்மொழி மரபில் ஓரெழுத்தாகக் கருதப்பட்ட இரட்டை வடிவங்களுக்குத் தனிக் காய்களே தரப்பட்டன.

பகடையும் சொல்லும் ஒன்றுசேரும் விளையாட்டு 1972இல் வெளிவந்த பாகிள். பதினாறு கனசதுரப் பகடைகளின் முகங்களில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். குலுக்கிய பின் அடுத்தடுத்துள்ள முகங்களை இணைத்துச் சொல் காணவேண்டும். இதில் ‘க்யூ’ எழுத்து தனித்து வருவதில்லை. ‘யூ’ எழுத்துடன் சேர்ந்து ஒரே முகத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் அவ்விரண்டும் பெரும்பாலும் பிரியாமல் வருதலே காரணம். அகரவரிசையின் எழுத்தும் விளையாட்டின் அலகும் வேறுபடலாம் என்பதை மூல விளையாட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தமிழுக்கு வருவோம். பாகிளின் பதினாறு பகடைகளுக்கு மொத்தம் 96 முகங்கள். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துக்கள். உயிர்மெய்களை முகங்களில் பொறிக்க முயன்றால் பாதிக்கு மேல் இடம்பெறா. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆக முப்பதை மட்டும் பொறித்தால் இடம் போதும். ஆனால் ஆடுவோர் மெய்யையும் உயிரையும் மனத்தளவில் புணர்த்தவேண்டும். எம்முறையைக் கொள்வது என்பது மொழியியல் முடிவு. நிரலாளர் ஒருவரே போகிறபோக்கில் எடுத்துவிடத் தக்கதன்று.

பலகையில் காய் வைக்கும் விளையாட்டில் வேறொரு தடையும் உண்டு. ஆங்கிலத்தில் வைத்த சொல்லின் ஈற்றில் பன்மை விகுதியைச் சேர்த்தால் முன்னைய காய்கள் அப்படியே நிற்கும். தமிழில் ‘மரம்’ என்பது ‘மரங்கள்’ ஆகும்போது மகரம் ஙகரமாகிறது. ‘கொழுந்து’ என்பது ‘கொழுந்தை’ ஆகும்போது ஈற்றுக் காயே மாறுகிறது. சந்தியும் உயிரேற்றமும் உடைய மொழிக்கு, வைத்த காயை மாற்ற இடந்தரும் விதி இன்றியமையாதது.

4. மரபு தரும் விடை

தொல்காப்பியர் எழுத்துக்களை முப்பது என்றும், சார்ந்துவரும் மூன்றுடன் முப்பத்துமூன்று என்றும் வகுத்தார். உயிர்மெய்யைத் தனி முதலெழுத்தாக அவர் கொள்ளவில்லை. இலக்கண அலகு ஒலியனை ஒட்டியது என்பதற்கு இது சான்று. ஆயின் சொல்லை வைத்து விளையாடும் மரபு வேறு அலகைக் கொண்டது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக அமையும் மாலைமாற்று என்னும் சித்திரகவி இதற்குச் சான்று. அனைவரும் அறிந்த ‘விகடகவி’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் அதுவே வரும். ஒலியன்களாகத் திருப்பினால் இகரத்தில் தொடங்கி வகர மெய்யில் முடியும். ஒருங்குறிக் குறிகளாகத் திருப்பினால் சொல் உயிர்க்குறியில் தொடங்கும், அப்படி ஒரு தமிழ்ச் சொல் எழுதவே இயலாது.

எனவே தமிழர் விளையாட்டு அலகு உயிர்மெய்யை உள்ளடக்கிய எழுத்து. அதன் உள்ளமைப்பாக உயிரும் மெய்யும் பிரித்தறியப்படுகின்றன. இவ்விரு நிலையையும் ஒருங்கே பயன்படுத்தும் வாய்ப்பு ‘வேர்டில்’ வகை விளையாட்டில் உண்டு. 2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் வெளியிட்டு, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வாங்கிய இவ்விளையாட்டில், ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளில் காணவேண்டும். எழுத்தும் இடமும் சரி, எழுத்து மட்டும் சரி, இரண்டும் இல்லை என மூவகைக் குறிப்பு வரும். தமிழில் நான்காவது குறிப்பு ஒன்று தேவை: மெய் சரி, ஏறிய உயிர் வேறு என்பது. ‘தே’ இருக்கவேண்டிய இடத்தில் ‘தை’ இட்டவரும் ‘மூ’ இட்டவரும் ஒரே அளவில் தவறியவராகார். இருவருக்கும் ஒரே குறிப்பைத் தருவது மொழியறிவை மதிப்பதாகாது.

ஐந்து என்னும் நீளத்தையும் மறுஆய்வு செய்யவேண்டும். அது ஆங்கிலச் சொல்லின் நீளத்திற்கு ஒத்த அளவு. ‘தேயிலை’ தமிழில் மூன்றே எழுத்து, ‘மலை’ இரண்டு. ஐந்தெழுத்தையே வற்புறுத்தினால் அன்றாடச் சொற்கள் விலகி, விகுதி பெற்றனவும் தொகைச்சொற்களும் மிகும். விளையாட்டு கடினமாவதற்குக் காரணம் ஆடுவோரின் அறியாமை போலத் தோன்றும். உண்மையில் காரணம் அளவுகோல்.

5. எது சொல்?

வேர்டிலின் தொடக்கப் பட்டியலில் விடைகளாக வரத்தக்கவை ஏறத்தாழ 2,300; முயற்சியாக ஏற்கத்தக்கவை அதனினும் பன்மடங்கு. எளிய பன்மை வடிவங்கள் முயற்சியாக ஏற்கப்பட்டன. விடைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. இப்பாகுபாடு தமிழுக்கு மிகவும் பொருந்துவது. அகராதித் தலைச்சொற்களை விடைகளாகவும், திரிபுற்ற வடிவங்களை முயற்சிகளாகவும் கொள்ளலாம். ஒரு வினையடியிலிருந்து காலம், இடம், பால், எண் வேறுபாட்டால் எழும் வடிவங்களைப் பட்டியலிட்டு முடியாது. உருபனியல் பகுப்பியின் துணை வேண்டும்.

தலைச்சொற்களை எங்கிருந்து எடுப்பது என்பதும் வினா. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி நூறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களை உடையது. அவற்றுள் பல இன்று வழக்கிழந்தவை. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இக்கால எழுத்து வழக்கைத் தழுவியது. தோட்டத் தமிழில் பணிக்குத் திரளுதலைக் குறிக்கும் ‘பெரட்டு’ போன்ற சொற்களுக்கு இத்தகைய பட்டியல்களில் இடமுண்டா என்பதைத் தொகுப்போர் தேடிப் பார்த்துச் சேர்த்தல் வேண்டும். ‘லயம்’ என்னும் சொல்லைக் கருவி ஏற்றுக்கொள்ளும். இசையின் லயம் பட்டியலில் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது வரிசை வீடு. எழுத்துக்கோவை ஒத்தமையால் ஏற்கப்பட்டது; அப்பிள்ளையின் சொல் என்று அறிந்து ஏற்கப்படவில்லை.

6. தாயமும் பகடையும்

சிறுவன் திறந்த லூடோவும் இதே திறனாய்வுக்கு உரியதே. இந்தியப் பச்சிசி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லூடோவாக மாறி, மீண்டும் நம்மிடம் வந்தது. 2016இல் வெளியான ‘லூடோ கிங்’ என்னும் இந்தியச் செயலி 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் பெருவழக்குப் பெற்றது. அறுமுகப் பகடையில் ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்ணும் நிகரான வாய்ப்புடையவை.

தாயக்கட்டையின் கணக்கு வேறு. நாற்பக்க நீள்கட்டைகள் இரண்டு. பக்கங்களில் 1, 2, 3 எனப் புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 வகை விழுகைகள். அவற்றுள் தாயம் எனும் ஒன்று இருவகையில் விழும், இரண்டு மூவகையில், மூன்று நால்வகையில், நான்கு மூவகையில், ஐந்து இருவகையில், ஆறு ஒருவகையில். வெறுமை இரண்டும் சேர்ந்து விழுந்தால் பன்னிரண்டு; அதுவும் ஒருவகையே. பல ஊர்களில் மறு உருட்டுக்கு உரியவை 1, 5, 6, 12. இவை நான்கும் அரியவை. சேர்த்தாலும் 16இல் 6 மட்டுமே. காய் இறங்கத் தாயம் வேண்டும். அதன் வாய்ப்பு எட்டில் ஒன்று. லூடோவில் ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. தாயத்தின் காத்திருப்பும் எதிர்பார்ப்பும் இவ்வேறுபாட்டில் பிறப்பன. ஏழு எண்களையும் நிகரான வாய்ப்பில் தரும் நிரல் ஒன்று எழுதப்படின், மறு உருட்டின் வாய்ப்பு ஏழில் நான்காக உயரும். பெயர் மட்டுமே தாயமாக நிற்கும்.

சொற்களும் கருதத்தக்கன. தாயத்தில் நகர்வது காய். சுற்றி முடித்துக் கரையேறியதும் அது பழம். ஒரு முழு உருவகமே ஆட்டத்தின் கலைச்சொல்லாக உள்ளது. ஆங்கிலத் திரையின் தொடரை ஒட்டி, காய் ‘வீட்டை அடைந்தது’ என்று எழுதுவோர் பிழை செய்தவராகார். ஆயின் பாட்டியிடம் ஆடிய குழந்தை ‘பழமாயிற்று’ என்பதையே எதிர்பார்க்கும். ஏவல் வடிவிலும் விளையாடு, விளையாடுக, விளையாடவும் என்னும் மூன்றும் உறவு வேறுபாட்டை உணர்த்துவன. பலகை முன் அமர்ந்தவர் ‘உருட்டு’ என்பார். ‘உருட்டவும்’ என்பது அலுவலக அறிவிப்பின் குரல்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படுகின்றன. ஒன்று, தமிழ்ச் சொல் விளையாட்டுகள் ஒருங்குறிக் குறியை விடுத்து எழுத்தை அலகாகக் கொள்ளவும், உயிர்மெய்யின் உள்ளமைப்பைக் குறிப்பாகப் பயன்படுத்தவும் வேண்டும். இரண்டு, நீளமும் எழுத்து விகிதமும் தமிழ்த் தரவுத் தொகுப்புகளை எண்ணி வரையறுக்கப்படவேண்டும். வட்டார வழக்குக்கு அதில் இடம் வேண்டும். மூன்று, மொழிபெயர்ப்பாளர் பணி திரைத்தொடர்களோடு முடியாது. விதியும் வாய்ப்புக் கணக்கும் அவர் பார்வைக்கு வரவேண்டும்.

இவை விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்கத்தக்கன அல்ல. எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுட் சிலர்க்கு, வற்புறுத்தலின்றித் தாமே விரும்பிப் படிக்கும் தமிழ் இச்சிறு திரையில் உள்ளதாகவே இருக்கலாம். அங்கே அவர்கள் சரியாக எழுதிய சொல் தவறென்று தீர்க்கப்படுமானால், அவர்கள் கருவியை ஐயுறார். தம் தமிழையே ஐயுறுவர். விரல்விட்டு எண்ணிய அச்சிறுமி நான்கு என்றாள். அந்நான்கைக் கருவியும் நான்கு என்று எண்ணச் செய்தல் மொழியியலார் ஆற்றவேண்டிய பணியாகும்.