வெண்கலமும் கைத்தாளமும்

1 கொரிந்தியர் 13:1இல் பவுலடியார் வெண்கலத்தையும் கைத்தாளத்தையும் அடுத்தடுத்துக் கூறுகிறார். கைத்தாளம் இசைக்கருவி என்பதில் ஐயமில்லை. வெண்கலமோ உலோகத்தின் பெயர். ‘கால்கொஸ்’ என்னும் அக்கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறு நான்கு இடங்களில் வருகிறது. அங்கெல்லாம் உலோகத்தையோ காசையோ குறிக்கிறதேயன்றி இசைக்கருவியைக் குறிக்கவில்லை. ஆங்கிலப் பெயர்ப்புகள் சில இவ்விடத்தில் சேகண்டி எனப் பொருள் கொண்டிருக்க, நம் பழைய திருப்புதல் வெண்கலம் என்றே நிறுத்தியது பாராட்டத்தக்கது.

1982இல் வில்லியம் ஹாரிஸ் என்பார் இதற்கொரு புது விளக்கம் தந்தார். ரோமக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ் தம் நூலின் ஐந்தாம் பகுதியில், அரங்க இருக்கைகளின் நடுவே மாடங்களில் வைக்கப்பெறும் வெண்கலக் கலங்களை விவரிக்கிறார். மேடையிலிருந்து வரும் குரல் பட்டதும் அவை உடன் அதிர்ந்து, அக்குரலுக்குத் தெளிவும் நிறைவும் அளிக்கும். கி.மு. 146இல் கொரிந்துவை அழித்த மும்மியுஸ், அங்கிருந்த கலங்களை ரோமாபுரிக்குக் கொண்டுசென்றதாகவும் அவர் எழுதுகிறார். பவுலடியார் கருதியது இத்தகைய கலமே என்பது ஹாரிஸின் கருத்து.

இவ்விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. வித்ருவியுஸ் அக்கலங்களுக்கு ‘எகேயா’ எனத் தனிப்பெயர் தருகிறார்; பவுலடியார் அப்பெயரை ஆளவில்லை. மேலும், நிருபம் எழுதப்பட்ட காலத்தில் அக்கலங்கள் கொரிந்துவை விட்டகன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனினும், இவ்விளக்கம் உணர்த்தும் வேறுபாடு சிந்திக்கத்தக்கது. இசைக்கருவி, வாசிப்பவன் கைபட்டுத் தானே ஒலியைப் பிறப்பிக்கிறது. அரங்கக் கலமோ பிறர் குரலை மாற்றிப் பெருக்குகிறது. குரல் நின்றால் அதுவும் ஓய்ந்துவிடும். ஹாரிஸின் பொருளைக் கொண்டால், அன்பற்ற அந்நியபாஷை இரவல் முழக்கமே.

இக்காலத்தில் நம் ஆலயங்களில் ஒலிபெருக்கியோடு எதிரொலிப் பொறியும் இணைக்கப்படுகிறது. கலம் செய்த பணியையே பொறியும் செய்கிறது. ஆனால் கலம் சொல்லைத் தெளிவாக்க வைக்கப்பட்டது, பொறியோ மிகும்போது சொல்லை மங்கச் செய்கிறது. குழலும் சுரமண்டலமும் எக்காளமும் விளங்கும்படி ஒலிக்கவேண்டும் என 14ஆம் அதிகாரம் வற்புறுத்துவது இங்கு நினைக்கற்பாலது. பக்திவிருத்தி விளங்குகின்ற சொல்லால் வருவது. முழக்கத்தால் செய்தி கனம் பெற்றதாகப் போதகர் மயங்கலாம். சபையும் அவ்வாறே மயங்கலாம். பவுலடியார் இவ்வெச்சரிப்பில் பிறரைச் சுட்டாமல் ‘நான்’ என்றே சொன்னார். பிரசங்க பீடத்தில் நிற்கும் நாமும் அச்சொல்லை நமக்கே சொல்லிக்கொள்வது தகும்.