ஒன்றரை ஸ்டாப்

காமிராவைப் பொழுதுபோக்காகக் கொண்ட சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுகிற வழக்கம் எனக்குச் சில வருஷங்களாக உண்டு. இதை நம் எழுத்தாள நண்பர்களிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் தோன்றியது பரிதாபம். லென்ஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவனுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்கள் எண்ணம். போன வருஷம் வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லவே இந்தக் குறிப்பு.

விடிவதற்கு முன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவோம். எடுக்கிற படங்களைவிடப் பேச்சுதான் அதிகம். ஏ.சி. அறையில் வைத்திருந்த லென்ஸை வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க ஈரம் படர்ந்து, சூரியோதயமே போய்விட்டது என்று ஒருவர் புலம்புவார். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டிருந்தால் லென்ஸ் வெளிச் சூட்டுக்கு வந்திருக்கும் என்பார் இன்னொருவர். பூஞ்சை பிடித்த லென்ஸ், காற்றுப் புகாத டப்பா, அதில் போடும் சிலிக்கா ஜெல், அதை எப்போது மாற்றுவது என்று பேச்சு நீளும். ஆட்டோஃபோகஸ் ஆளின் முகத்தை விட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொள்கிறது என்பது எல்லோருக்கும் பொதுவான துக்கம். ஒரு படத்தைக் காட்டினால் ‘நல்ல ஷார்ப்பா இருக்கு சார்’ என்பதுதான் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு. படத்தில் இருப்பது யார், அதை ஏன் எடுத்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நம்முடைய கவிதைக் கூட்டம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். படிமம், இறுக்கம், மௌனம் என்று நாமும் கருவிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். ஒரு கவிதை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கத் தவறியது என்பதைக் கேட்கிற தைரியம் நம்மிடமும் குறைவு. காமிராக்காரர்கள் லென்ஸின் விலையையாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 1991இல் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கறுப்பு வெள்ளை பிலிமில் ஒரு படம் எடுத்தேன். உச்சி வெயில். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். அப்பா கறுப்பு; கட்டியிருந்தது வெளுத்த வேட்டி. காமிராவில் மீட்டரின் முள் நடுவில் நின்றதும் ஷட்டரை அழுத்தினேன். அடுத்த வருஷம் அவர் காலமானார். அதுதான் கடைசிப் படம். அதில் வேட்டியின் ஒவ்வொரு மடிப்பும் துல்லியமாக இருக்கிறது. கழுத்துக்கு மேலே ஓர் இருட்டு.

இத்தனை வருஷம் கழித்து அந்த நெகடிவை எங்கள் குழுவில் ஒருவரிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்ற இஞ்சினியர். வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘மீட்டர் வேட்டியத்தான் சார் பாத்திருக்கு. ஒன்றரை ஸ்டாப் கூட்டியிருக்கணும். முகத்துல ஒண்ணுமே பதியல. ஸ்கேன் பண்ணினாலும் வராது’ என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அதற்காக அவரிடம் எனக்கு மரியாதை கூடிற்று.

அவர் சொன்னதை விளக்கவேண்டும். காமிராவின் மீட்டருக்கு உலகம் தெரியாது. தன் முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியில் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அந்தச் சராசரியைக் குறிக்க விற்கிற சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்புவது. வெள்ளைச் சுவரையும் வெள்ளை வேட்டியையும் காட்டினால், ஒளி மிகுதி என்று முடிவு செய்து மீட்டர் குறைக்கச் சொல்லும். கறுத்த முகம் இன்னும் கீழே போகும். எனவே கூட்டு என்பது குறிப்பு. ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்கு. சரியான குறிப்பு; எந்தக் கையேட்டிலும் கிடைக்கும்.

ஆனால் வேட்டி கெட்டாலும் பரவாயில்லை, எனக்கு முகம் வேண்டும் என்று தீர்மானித்தவனுக்குத்தான் கூட்டத் தோன்றும். மீட்டரை நான் நம்பினேன் என்பது பாதி உண்மைதான். அந்த மத்தியானம் என்னைக் கவர்ந்தது சுவரில் விழுந்த நிழலும் மடிப்புகளும். நல்ல ‘காம்பொசிஷன்’ என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அப்பாவை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பிலிம் அப்படியே பதிந்து வைத்திருக்கிறது. தொழில்நுட்பக் கோளாறு என்று இத்தனை நாள் நான் சொல்லிவந்தது என் பார்வையின் கோளாறு.

1940ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆன்ஸெல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ‘ஸோன் சிஸ்டம்’ இந்த இடத்தில்தான் எனக்கு அர்த்தமாயிற்று. முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை பதினோரு படிகள். காட்சியில் எது எந்தப் படியில் நிற்கவேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துமுன்பே மனத்தில் கண்டு முடிவு செய்துகொள்வது. பார்த்தால் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது மதிப்பீடு: எதைக் காப்பாற்றுவது, எதை இழப்பது. நெகடிவை ஸ்வரக் குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் ஆடம்ஸ், பியானோ பயின்றவர்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பழைய உதாரணம் உண்டு. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். காகித நெகடிவ். அக்காலத்து ரசாயனம் நீலத்துக்கு அளவுக்கு மீறி இணங்கக்கூடியது. கோபுரத்தின் கல்லுக்கு வேண்டிய நேரம் கொடுத்தால் வானம் வெறுமையாகிவிடும். அவர் கல்லுக்கே நேரம் கொடுத்தார். வானத்தில் வேண்டிய மேகங்களைப் பிறகு நெகடிவின்மேல் வண்ணம் தீட்டிச் சேர்த்துக்கொண்டார். ‘வானம் வெளுத்துப் போச்சு’ என்று இன்று காசிமேட்டில் கேட்கிற புலம்பலின் வயது நூற்றறுபதுக்கு மேல். ட்ரைப் தான் எதை விடக்கூடாது என்று தெரிந்தவராக இருந்தார்.

இப்போது செல்போன் வந்து இந்தப் பிரச்னையையே எடுத்துவிட்டது. கண் இமைப்பதற்குள் பல படங்களை எடுத்து, முகத்துக்கு ஒன்றும் வேட்டிக்கு ஒன்றுமாக ஒளியைச் சரிக்கட்டி ஒட்டிக் கொடுக்கிறது. எல்லாம் தெரிகிறது. எதையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் குழுவினருக்கு இந்தப் படங்கள் பிடிப்பதில்லை. ‘என்னமோ செயற்கையா இருக்கு’ என்பார்கள். அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் மறுபடி லென்ஸுக்குப் போய்விடுவார்கள். அந்த ‘என்னமோ’வுக்கு வார்த்தை தேடவேண்டியது விமர்சகன் வேலை. எழுத்தாளன் இறந்தால் அட்டையில் போட ஒரு படம் தேடுவதோடு புகைப்படத்துக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தை எடுத்தவன் பெயரைப் போடக்கூட நமக்குத் தோன்றுவதில்லை.

செல்போனைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. அன்று என் கையில் அது இருந்திருந்தால் அப்பாவின் முகம் இன்று என்னிடம் இருந்திருக்கும். நான் பார்க்காவிட்டாலும் அது பார்த்திருக்கும். தேர்வு, பார்வை என்று மேலே எழுதியதையெல்லாம் அந்த முகத்துக்காகக் கொடுத்துவிடத் தயார். ஆனால் அப்படிக் கிடைத்த படத்தை வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்ததாகவே நான் கடைசிவரை நம்பியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இஞ்சினியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஒன்றரை ஸ்டாப் என்று அவர் சொன்னது நான் இதுவரை படித்த பல கட்டுரைகளைவிட என்னைத் தொட்டது. அவர் அதோடு நின்றுவிட்டார். அதற்கு அடுத்த கேள்வி அவருடைய பழக்கத்தில் இல்லை. வருகிற ஞாயிறு ஃபோகஸ் வலைமேல் விழுந்துவிட்டது என்று அவர் அலுத்துக்கொள்ளும்போது, வலைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் யார் என்று கேட்கலாமென்று இருக்கிறேன்.