தலைக்கா, சாமிக்கா?

திருவாண்டார்கோயில் கடைத்தெருவில் பூ வாங்கப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “தலைக்கா, சாமிக்கா?” தலைக்கு என்றால் வாழைநாரில் நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரத்தை முழங்கை முதல் விரல்நுனி வரை அளந்து, கொசுறாக நாலு கண்ணி விட்டு நறுக்கித் தருவார் பூக்காரம்மா. சாமிக்கு என்றால் அரளியும் சாமந்தியும் கைக்கு வரும். என் அத்தை போனால் மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை. மாமா இறந்ததிலிருந்து, அத்தை வாய் திறக்குமுன்பே சாமிப் பூ இலையில் ஏறிவிடுகிறது. பூக்காரம்மா இதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்டால் மனசு நோகுமே என்றுதான் கேட்காமல் இருக்கிறார். காதலைப் பூவால் சொல்லும் நம் வழக்கத்தின் அழகும் குறையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

அழகை முதலில் சொல்கிறேன். 1819இல் பாரிசில் ஷார்லோட் த லத்தூர் என்ற பெயரில் பூக்களின் மொழி பற்றிய ஒரு நூல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து இன்ன பூவுக்கு இன்ன பொருள் என்று ஐரோப்பா முழுவதும் அகராதிகள் பெருகின. புத்தகத்துக்குப் புத்தகம் பொருள் மாறியது. நம் முல்லைக்கு அகராதி தேவைப்பட்டதில்லை. அது கார்காலத்தில் பூக்கும். மாலையில் இதழ் விரிக்கும். சங்கப் பாடல்களில் வினைமேல் சென்ற தலைவன் திரும்புவதாகச் சொன்ன பருவமும் கார்தான். தனித்திருப்பவளுக்குப் பொழுது நகராத வேளையும் மாலைதான். ஆகவே கொடி அரும்பெடுத்தாலே காத்திருப்பு என்று பொருள் விளங்கியது. நிலத்தையும் பொழுதையும் கூர்ந்து பார்த்தவர்கள் கண்டெடுத்த பொருள் அது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியதும் அந்தக் கூர்மையால்தான்.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். ‘அலர்’ என்றால் விரிந்த பூ; காதலைப் பற்றி ஊர் பேசும் பேச்சும் அலர்தான். வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்பட விரிந்தால் அலர். திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. மணத்தை மூடி வைக்க முடியாது, காதலையும் முடியாது என்பதை ஒரே சொல்லில் வைத்த மொழி நம்முடையது. கூட்டுக்குடும்பத்தில், மாமியார் முன்னால் மனைவியிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசத் தெரியாதவர்கூட, இலையில் மடித்த பூவை மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போவார். பேசாமலே பேச்சு முடிந்துவிடும். இது சின்ன விஷயமில்லை.

இனி குறை. ஒரு காலத்தில் இந்த மொழி இருவருக்கும் பொதுவாக இருந்தது. தலைவன் பூவும் தழையும் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டுவந்தான். தானும் கண்ணி சூடினான். காதல் கைகூடாதபோது எருக்கம்பூ மாலை அணிந்து, பனைமடலில் செய்த குதிரையேறித் தெருவில் நின்றான். அதே மடலைப் பெண் ஏறுவதற்குத் தொல்காப்பியம் இடம் தரவில்லை. பின்னாளில் திருமங்கையாழ்வார் நாயகியின் குரலில் இரண்டு மடல்கள் பாடித்தான் அந்த வேலியைத் தாண்ட வேண்டியிருந்தது. ஆக, சாய்வு தொடக்கத்திலேயே இருந்தது. காலப்போக்கில் அது முற்றிவிட்டது. ஆணின் தலையிலிருந்து பூ இறங்கி மணமாலை, மேடை மாலை, கடைசி மாலை என்று கழுத்தோடு நின்றுபோனது. பெண்ணின் தலையில் தங்கிய பூவோ, கணவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. பூவும் பொட்டுமாகப் போய்ச் சேரவேண்டும் என்று வாழ்த்துகிறோமே, அவள் அவனுக்கு முன்னால் சாகவேண்டும் என்பதல்லவா அதன் பொருள்?

பூவை விலக்குவது துக்கத்தின் மொழி என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒல்லையூர்ச் சாத்தன் மாய்ந்தபோது குடவாயில் கீரத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடலில் ஆண், பெண், பாணர் என்று எல்லோருமே பூவை மறந்து நிற்கிறார்கள். அங்கே துக்கம் பொதுவானது. அதே தொகையில் கைம்மையின் கொடுமையைச் சொல்லும் பாட்டுகளும் உண்டு. மரபு ஒரே முகம் கொண்டதில்லை. கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் மறுநாள் பூவைக் களைந்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஆனால் அந்தத் துக்கத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. பூ மறுபடி அவர்கள் தலைக்கு வருகிறது. நம் வீட்டு அத்தைகளின் துக்கத்துக்கு மட்டும் கடைசி நாள் குறிக்கப்படவில்லை.

பிப்ரவரி 14இல் ரோஜா நீட்டும் பிள்ளைகளைப் பார்த்து, வெளிநாட்டு வழக்கம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எங்கள் புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கப் பூவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரத்தில் பூப்பதுதான். அதன் நடுவே லிங்கத்தையும் மேலே நாகத்தின் படத்தையும் கண்ட நம்மவர்கள் அதைச் சிவனுக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். வந்த வழி ஒரு குறையே இல்லை. ரோஜாவில் நான் காணும் குறை வேறு: எங்கே, எந்தப் பருவத்தில் பூத்தது என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, பெறுபவளுக்கும் தெரியாது. முல்லையின் ஆழம் அதற்கு இன்னும் வரவில்லை. ஆனால் அதை அவளும் அவனுக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் கணவன் இருக்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. முல்லை அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்.

அத்தை வீட்டு வாசலில் ஒரு முல்லைக்கொடி பந்தலேறி நிற்கிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் அரும்பு பறித்து, கால் பெருவிரலில் நாரை மாட்டிக்கொண்டு அத்தை கட்டும் வேகத்தைக் கண் தொடர முடியாது. கட்டி முடித்ததும் தெருப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தானே வைத்துவிடுவார். கையில் ஒட்டிய மணத்தோடு உள்ளே போவார்.

பூக்காரம்மா அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். சாமிக்கு என்றே அத்தை சொல்லலாம். அந்தப் பதில் அவருடையதாக இருக்கட்டும்.